தாலியம் ஸ்கேனுக்குத் தேதி கிடைத்தவர்களுக்கு

"கோசோங் தானே மிஸ்ஸி குடிச்சேன்?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

காலை ஏழரை மணி. கையில் ஊசிக்குழாய் பொருத்தியாகிவிட்டது. காப்பி, தேநீர் எதுவும் கூடாது என்று தாளில் தமிழிலேயே அடித்துக் கொடுத்திருந்தோம். மனிதர் வரும் வழியில் சிங்கப்பூர் தேக்காவில் இறங்கி ஒரு கோப்பி ஓ கோசோங் குடித்துவிட்டு வந்திருக்கிறார். பால் இல்லை, சீனி இல்லை, மலாயில் கோசோங் என்றால் ஒன்றுமில்லை, ஆகவே குடித்ததும் ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு. அவரைத் திருப்பி அனுப்பினோம். அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது.

இருபத்தாறு வருடம் இந்த இதய ஸ்கேனை எடுக்கிற காமா கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். சீருடை போட்ட பெண்கள் எல்லாருமே நம் பெரியவர்களுக்கு மிஸ்ஸிதான். தாதியா, தொழில்நுட்பரா என்று பார்க்கமாட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பிளாக்குக்குக் கீழே, கோயில் வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில், யாராவது ஒரு தாளை நீட்டி "இது என்ன டெஸ்ட், நியூக்ளியர்னு போட்டிருக்கே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னதும் நான் சொல்வதும் எங்காவது மோதினால் அவர் சொன்னதைக் கேளுங்கள். உங்கள் கோப்பு அவரிடம்தான் இருக்கிறது.

முதலில் பெயர். நம் ஆட்கள் தாலியம் ஸ்கேன் என்பார்கள். மருத்துவர்கள் எம்பிஐ என்றோ மிபி என்றோ எழுதுவார்கள். இப்போது பெரும்பாலும் ஊசியில் போவது தாலியம் இல்லை, டெக்னீசியம். பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு ஆண்ட்டி தொலைபேசியில் "தாலியம்" என்று கேட்டுவிட்டு, "தாலியைக் கழற்றச் சொல்றாங்களாம்" என்று வீட்டையே இரண்டு நாள் கலக்கி வைத்திருந்தார். தாலி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஸ்கேன் எதைப் பார்க்கிறது

ஆஞ்சியோகிராம் ரத்தக்குழாயின் உட்பக்கத்தைக் காட்டுகிறது. இது குழாயைக் காட்டாது. அந்தக் குழாயால் வளர்கிற இதயத் தசைக்கு ரத்தம் போய்ச் சேருகிறதா என்று காட்டும். அதையும் இரண்டு முறை: சும்மா இருக்கும்போது ஒன்று, டிரெட்மில்லில் ஏற்றியோ மருந்து ஏற்றியோ இதயத்தை விரட்டி வேலை வாங்கும்போது ஒன்று.

ஏன் இரண்டு? சிராங்கூன் சாலையில் ஒரு தடத்தை மூடி வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் அதை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி போய்ப் பாருங்கள். இதயக் குழாயும் அப்படித்தான். ஓய்வில் ரத்த ஓட்டம் குறைய வேண்டுமானால் குழாய் 85 சதவிகிதத்துக்கும் மேல் அடைத்திருக்க வேண்டும். உழைக்கும்போது 50 சதவிகித அடைப்பிலேயே பற்றாக்குறை தொடங்கிவிடும். நல்ல குழாய் தேவைப்பட்டால் மூன்று நான்கு மடங்கு ரத்தத்தைக் கொண்டுபோகும்; சுருங்கிய குழாயால் முடியாது. அந்த வித்தியாசத்தைத்தான் கேமரா பிடிக்கிறது.

ஊசியில் போகும் டெக்னீசியம்-99எம் இதயத் தசைக்குள் போய் ஒட்டிக்கொண்டு காமா கதிரை விடும். ரத்தம் அதிகம் போன இடம் பளிச்சென்று தெரியும், போகாத இடம் மங்கும். அதன் கதிர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம், சிறுநீரில் போவது தனி. அதனால்தான் ஸ்கேன் நாளில் தாமதமாக வராதீர்கள் என்று கெஞ்சுவோம். உங்களுக்கென்று அளந்து எடுத்த மருந்து யாருக்காகவும் காத்திருக்காது. இந்த டெக்னீசியத்தைத் தருகிற மாலிப்டினம் வெளிநாட்டு அணு உலைகளில் தயாராகிறது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி நின்றபோது, ஒரு வருடத்துக்கும் மேல் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. பல நாடுகளில் பழைய தாலியத்தைத் திரும்ப எடுத்தார்கள்.

நியூக்ளியர் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு: ஓய்வு, உழைப்பு இரண்டு படங்களும் சேர்த்து சுமார் 10 மில்லிசீவர்ட் அளவுக்குக் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயல்பாகவே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டிருக்கிறது. அதாவது நான்கு வருட இயற்கைக் கதிர் ஒரே காலையில். புதிய கேமராக்களில் இன்னும் குறைவு. பயப்படும் அளவு இல்லை, ஆனால் பொழுதுபோக்காக எடுத்துப் பார்க்கிற அளவும் இல்லை. இதில் ஆஞ்சியோகிராமுக்குப் போடுகிற சாயம் கிடையாது. சிறுநீரகத்தைக் கெடுக்காது, அயோடின் ஒவ்வாமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

யாருக்கு, யாருக்கு இல்லை

நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது, நின்றால் சரியாகிறது என்பவர்களுக்கு. மாடி ஏறினால் முன்பு இல்லாத மூச்சு வாங்கல் உள்ளவர்களுக்கு. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்து அல்லது பைபாஸ் செய்து, மறுபடி தொல்லை வந்தவர்களுக்கு. ரத்தக்குழாயில் சுண்ணாம்பு நிறையப் படிந்து சிடி ஸ்கேனில் தெளிவாகத் தெரியாதவர்களுக்கு. முட்டிவலியால் டிரெட்மில்லில் ஏற முடியாதவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

நீரிழிவுக்காரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நரம்பு மரத்துப்போனால் நெஞ்சு வலிக்கவே வலிக்காது. அவர்களுக்கு அடைப்பின் அடையாளம் களைப்பாக வரும், மூச்சு வாங்கலாக வரும், "கேஸ்" என்ற வேஷத்திலும் வரும். மருத்துவரிடம் "வலி இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். போன வருடம் எம்ஆர்டி நிலைய மேம்பாலத்தை நிற்காமல் ஏறினேன், இந்த வருடம் பாதியில் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறேன் என்று சொல்லுங்கள். மருத்துவருக்கு வேண்டியது அந்த மாதிரி ஒரு வாக்கியம்.

எந்தத் தொல்லையும் இல்லாமல், "எல்லாம் பார்த்துவிடலாம்" என்று இதைக் கேட்டு வாங்காதீர்கள். இப்போதே, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறது, வேர்க்கிறது என்றால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருப்பது ஆபத்து. 995-ஐ அழையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை ஒரே ஒரு யோசனை. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் போனால் மானியக் கட்டணம். நேராகத் தனியாராகப் போய்ப் பதிவு செய்துவிட்டு, பிறகு மானியத்துக்கு மாறலாம் என்று நினைத்தால் அலைச்சல். முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தேதி வாங்கும் முகப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

முந்தின நாள்: காப்பியும் மாத்திரையும்

இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

டிரெட்மில் ஏற முடியாதவர்களுக்கு அடினோசின், டிபிரிடமால், ரெகடனோசன் என்று ஏதாவது ஒரு மருந்தை ஏற்றிக் குழாய்களை விரிய வைப்பார்கள். காப்பியில் இருக்கும் கஃபீன், அந்த மருந்து போய் உட்கார வேண்டிய இடத்தில் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். குழாய் விரியாது. நல்ல குழாயும் விரியாது, கெட்ட குழாயும் விரியாது. வித்தியாசம் இல்லாததால் படம் அழகாக வரும். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு கோப்பை காப்பி பெரிய அடைப்பை ஒளித்துவிடும் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த கோசோங் பெரியவர் மூன்று வாரம் கழித்து ஒழுங்காக வந்தார். படத்தில் இதயத்தின் கீழ்ச்சுவரில் பாதி காணோம்.

ஆகவே 24 மணி நேரத்துக்குக் காப்பி இல்லை. கோப்பி, தே ஓ, தே தாரிக், சீனத் தேநீர், கிரீன் டீ, கோலா, சக்தி பானம், சாக்லேட், மைலோ எதுவும் இல்லை. கஃபீன் நீக்கிய காப்பியும் கூடாது, அதிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இன்னொன்று யாருக்கும் தோன்றாது: காப்பியை நிறுத்தினால் தலை வலிக்கும், தலைவலிக்குப் பனடால் எக்ஸ்ட்ரா போடுவார்கள். அதில் ஒரு மாத்திரைக்கு 65 மில்லிகிராம் கஃபீன். சாதாரணப் பனடால் போடுங்கள். "எனக்கு டிரெட்மில் தானே, காப்பி குடிக்கலாமே" என்று வாதாடாதீர்கள். டிரெட்மில்லில் பாதியில் முடியாமல் போனால் மருந்துக்கு மாற்றுவார்கள், அப்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வாய் தவறிக் குடித்துவிட்டால்? சொல்லிவிடுங்கள். திட்டமாட்டார்கள். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் வகை, அதாவது பிசோப்ரோலால், அட்டெனோலால் போன்றவை இதயத்தை வேகமாக ஓட விடாது. டிரெட்மில் சோதனைக்கு முன்னால் அதை ஒன்றிரண்டு நாள் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே ஸ்கேன் என்றால், தொடரச் சொல்வார்கள். எது உங்களுக்கு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இளைப்பு இருப்பவர்களுக்கு அடினோசின், டிபிரிடமால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம், அவர்களுக்கு டொபுட்டமின் என்று வேறு வழி இருக்கிறது. மூச்சு மருந்துப் பம்ப்பையும் கையோடு கொண்டுவாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், வெறும் வயிற்றில் வரச் சொன்ன காலையில் எவ்வளவு போடுவது என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வெறும் வயிறு, முழு இன்சுலின் என்று வந்து காத்திருக்கும் அறையிலேயே மயங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்களுக்கு ஒரு ரகசியம். வயாக்ரா, சியாலிஸ் வகை மாத்திரை எடுத்திருந்தால் சொல்லுங்கள். சோதனையில் நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் நைட்ரேட் மருந்து கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். மகளை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எந்த அப்பாவுக்கும் வாய் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் நானே மகளை "தண்ணி வாங்கிட்டு வாம்மா" என்று வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பேன். உங்கள் மிஸ்ஸி அப்படிச் செய்யாவிட்டால், நீங்களே மகளை அனுப்பிவிடுங்கள்.

அந்த நாள்

அரைநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முதல் ஐந்து மணி நேரம். சில இடங்களில் இரண்டு நாளாகப் பிரிப்பார்கள். ஊசி, காத்திருப்பு, படம். பிறகு உழைப்பு, ஊசி, காத்திருப்பு, படம். இடைவேளையில் பால், ரொட்டி என்று கொஞ்சம் கொழுப்பு சேர்ந்ததாகச் சாப்பிடச் சொன்னால் தட்டாதீர்கள். மருந்து ஈரலிலும் பித்தப்பையிலும் தேங்கி, இதயத்தின் கீழ்ச்சுவரை மறைக்கும். சாப்பிட்டால் அது நகரும். அறை குளிராக இருக்கும், சால்வை எடுத்துப் போங்கள். பெண்கள் புடவையில் வராதீர்கள். டிரெட்மில்லில் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினவர்களைத் தாங்கிப் பிடித்து என் இடுப்புதான் போனது.

டிரெட்மில் ஆரம்பத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், ஏற்றமாகப் போகும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-லிருந்து உங்கள் வயதைக் கழித்து, அதில் 85 சதவிகிதம்: இதயத் துடிப்பு அங்கே போக வேண்டும். 66 வயதுக்காரருக்கு 131. உச்சத்தில் ஊசி போட்ட பிறகும் ஒரு நிமிடம் நடக்கச் சொல்வார்கள். அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம், அப்போதுதான் மருந்து தசையில் ஒட்டுகிறது. ஊசி போட்டதும் "முடிஞ்சுதா?" என்று இறங்கிவிடாதீர்கள். வலி, மூச்சு, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். வீரம் காட்டுகிற இடம் இது இல்லை.

மருந்து ஏற்றும் வகையில், முகம் சூடாகும், தலை கனக்கும், நெஞ்சை யாரோ அமுக்குவது போல இருக்கும். இதுதான் மாரடைப்பு என்று பயந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அடினோசின் பத்து விநாடிக்குள் பாதியாகிவிடும் மருந்து, நிறுத்தியதும் அடங்கும். மற்றவை கொஞ்சம் நீடிக்கும். அதற்கு அமினோஃபிலின் என்று மாற்று மருந்து பக்கத்திலேயே இருக்கும்.

படம் எடுக்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பத்து இருபது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய சோதனை, ஏனென்றால் சர்க்கரையோடு தோள்பட்டை இறுக்கமும் சேர்ந்தே இருக்கும். தோள் தூக்க முடியாது என்றால் ஆரம்பத்திலேயே சொன்னால் தலையணை முட்டுக் கொடுப்போம். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில் நெளிந்தால், அந்த அசைவு படத்தில் அடைப்பு மாதிரியே விழும்.

இப்போது தாலி. நெஞ்சுக்கு மேல் கனமான தங்கம் கிடந்தால் கதிரை மறைக்கும், படத்தில் நிழல் விழும். கழற்ற மனமில்லாவிட்டால் சங்கிலியை மேலே தள்ளித் தோளுக்குப் பின்னால் ஒதுக்கி, பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவேன். இருபத்தாறு வருடத்தில் இதற்கு மறுப்புச் சொன்னவர் யாருமில்லை. இரண்டு படத்துக்கும் ஒரே மாதிரி ஒதுக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

அறிக்கையைப் படிப்பது, என் அண்ணன் கதை

குறுக்குவெட்டில் இதயம் உளுந்துவடை மாதிரி இருக்கும், நடுவில் ஓட்டையோடு. மேல் வரிசை உழைப்பு, கீழ் வரிசை ஓய்வு. மேல் வடையில் கடித்த மாதிரி ஒரு பக்கம் இல்லை, கீழ் வடை முழுசு என்றால் அங்கே ரத்தம் போதவில்லை, தசை உயிரோடு இருக்கிறது. அறிக்கையில் ரிவர்சிபிள் என்று எழுதுவார்கள். இரண்டிலும் கடித்திருந்தால் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. அது ஃபிக்ஸ்டு. பெண்களுக்கு மார்பும், தொப்பை உள்ள ஆண்களுக்கு வயிற்றை நெஞ்சிலிருந்து பிரிக்கும் தசையும் கதிரை மறைத்துப் பொய்க் கடியைக் காட்டும். சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்க வைத்து மறுபடி எடுப்பார்கள். குப்புறப் படுக்கச் சொன்னால் பதறாதீர்கள்.

வடையை 17 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 68. இதில் மதிப்பெண் கூடினால் மோசம். உழைப்புப் படத்தின் கூட்டுத்தொகை எஸ்எஸ்எஸ். 3 வரை இயல்பு, 13-ஐத் தாண்டினால் கடுமை. இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் எஸ்டிஎஸ். இதயத் தசையில் 10 சதவிகிதத்துக்கு மேல் பற்றாக்குறை என்றால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

இவ்வளவு தெரிந்த நானே ஏமாந்தேன். என் அண்ணன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்போது வயது 66, பதினைந்து வருடச் சர்க்கரை. மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். சோற்றில் கை வைத்தபடி நான் பார்த்தேன். எல்லா வடையும் முழுசு. "ஒண்ணுமில்லண்ணே, கிளீனா இருக்கு" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன். தொழில்நுட்பர் முடிவு சொல்லக்கூடாது என்று இளையவர்களுக்கு வருடக்கணக்கில் பாடம் நடத்தினவள், என் வீட்டு மேசையில் சொன்னேன்.

மூன்றாம் நாள் அங்கிருந்து அழைப்பு, உடனே வந்து மருத்துவரைப் பாருங்கள் என்று. அப்போதுதான் முழு அறிக்கையையும் வாங்கிப் படித்தேன். டிரெட்மில்லில் நான்கு நிமிடம்கூட நிற்கவில்லை. துடிப்பு 131-க்குப் போக வேண்டியது 112-லேயே நின்றுவிட்டது. ரத்த அழுத்தம் உழைக்கும்போது ஏற வேண்டும். அவருக்கு 146-லிருந்து 118-க்கு இறங்கியிருக்கிறது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு, எல்விஇஎஃப் என்பார்கள், ஓய்வில் 58, உழைத்த பிறகு 44. டிஐடி 1.31. உழைத்த பிறகு இதயத்தின் அறை ஓய்வில் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் எண் அது. எல்லை எவ்வளவு என்பது முறைக்கு முறை மாறும், ஆனால் 1.2-க்கு மேல் போனாலே மருத்துவர் கவனித்துப் பார்ப்பார்.

அப்படியானால் வடை ஏன் முழுசாக இருந்தது? இந்தப் படம் இதயத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடுதான் ஒப்பிடுகிறது. இருப்பதிலேயே பளிச்சென்ற இடத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அளக்கிறது. ஒரு குழாய் அடைத்தால் ஒரு பக்கம் மங்கும். மூன்று குழாயும் ஏறத்தாழ ஒரே அளவு அடைத்தால் எல்லாப் பக்கமும் சேர்ந்து மங்கும், ஒப்பிட நல்ல பக்கமே மிஞ்சாது. வகுப்பில் எல்லாரும் 40 மதிப்பெண் வாங்கினால் எல்லாருமே முதல் மாணவர்கள்தான். அண்ணனுக்கு ஆஞ்சியோகிராமில் இடப்பக்கத் தலைமைக் குழாயில் 70 சதவிகிதம், அதோடு மூன்று குழாய்களிலும் அடைப்பு. பத்து நாளில் பைபாஸ்.

ஆகவே அறிக்கையில் "பெர்ஃப்யூஷன் நார்மல்", அதாவது ரத்த ஓட்டம் இயல்பு என்ற வரியைப் பார்த்ததும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். மருத்துவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். நான் எவ்வளவு நேரம் நடந்தேன், துடிப்பு இலக்குக்குப் போனதா? ரத்த அழுத்தம் ஏறியதா, இறங்கியதா? இசிஜியில் மாற்றம் வந்ததா? உழைத்த பிறகு இதயம் பெரிதானதா, தள்ளும் அளவு குறைந்ததா? நான்கும் சரியாக இருந்து படமும் இயல்பாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் மாரடைப்போ இதயத்தால் மரணமோ வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவிகிதத்துக்கும் கீழே. சர்க்கரை இருந்தால் அந்த உத்தரவாதம் சீக்கிரம் காலாவதியாகும். படம் சுத்தம், ஆனால் இந்த நான்கில் ஏதோ உறுத்துகிறது என்றால், சிடி ஆஞ்சியோவோ பெட் ஸ்கேனோ தேவையா என்று கேட்கலாம். பெட் ஸ்கேன் ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் என்று நேரடியாக அளந்துவிடும். எல்லாப் பக்கமும் சேர்ந்து குறைந்திருந்தாலும் அதனிடம் தப்பாது.

எதிர்ப் பக்கமும் உண்டு. படத்தில் கடி தெரிந்தால் எல்லாருக்கும் ஸ்டென்ட் என்று முடிவு கட்டாதீர்கள். 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நடுத்தரம் முதல் கடுமையான பற்றாக்குறை இருந்த 5,179 பேரைப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறு பாதிக்கு முதலில் மருந்து. மூன்று வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில் மரணத்திலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சு வலி குறைந்ததில் முதல் பாதிக்கு லாபம் இருந்தது. ஆனால் என் அண்ணனைப் போலத் தலைமைக் குழாயில் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் கதை வேறு. யாராவது இந்த ஆய்வைச் சொல்லி "மாத்திரையே போதும்" என்றால், தலைமைக் குழாயைப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், கழிவறையை இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசுங்கள். கர்ப்பிணிப் பெண்ணையோ கைக்குழந்தையையோ அன்று நெடுநேரம் ஒட்டி வைத்திருக்க வேண்டாம். பேரனைத் தூக்காமல் இருப்பது பாட்டிகளுக்கு டிரெட்மில்லைவிடக் கஷ்டம். ஆகவே முன்னாலேயே மருமகளிடம் சொல்லிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் "ஆயா ஏன் என்னைத் தூக்கல" என்று அங்கே ஒரு பஞ்சாயத்து ஓடும். பால் கொடுக்கும் தாய்மார்களும், கர்ப்பமாக இருக்கலாமோ என்று சந்தேகம் உள்ளவர்களும் ஊசிக்கு முன்னாலேயே வாயைத் திறக்க வேண்டும்.

காப்பி? படம் எல்லாம் சரி, இனி எடுக்கத் தேவையில்லை என்று அவர்கள் சொன்ன பிறகு குடிக்கலாம். இரண்டு நாள் சோதனை என்றால் இரண்டாம் நாளும் முடிந்த பிறகுதான்.

அந்த வாரத்தில் பயணம் இருந்தால் மருத்துவமனையில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள், எந்த மருந்து, எந்தத் தேதி என்று போட்டு. விமான நிலையங்களிலும் எல்லைகளிலும் இருக்கும் கதிர்வீச்சுக் கருவிகள் டெக்னீசியத்தைச் சில நாள் வரை மோப்பம் பிடிக்கும், தாலியம் போட்டிருந்தால் சில வாரம்கூட. சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் கடிதத்தைக் கடப்பிதழுக்குள்ளேயே செருகி வையுங்கள். பெட்டிக்குள் வைத்து, பெட்டியை முன்னாலேயே அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு நின்று "நியூக்ளியர், நியூக்ளியர்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள்.